சுதர்சினியின் குதிக்கால்

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட வீடு எடுக்கிறவர்களிடம் தரகர்மார் ஒரு விஷயத்தை மட்டும் சொல்வதில்லை. அங்கே துணி காயாது. காற்றுக்குக் குறைவில்லை, ஆனால் வருகிற காற்று உப்போடு வருகிறது. காலையில் விரித்த சேலையைப் பின்னேரம் எடுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். எங்கள் வீடு மூன்றாம் மாடி. கீழே மரைன் டிரைவ், அதைத் தாண்டினால் ரயில் பாதை, பிறகு கடல்தான். அந்தப் பல்கனிக் கொடியோடு நான் பட்ட பாட்டைச் சொல்லத் தொடங்கினால் உங்கள் வேலை கெட்டுப்போகும்.

முன்வீட்டுப் பைறோஸா உங்களிடம் முதலில் சொன்னது அந்தக் கொடியில் எந்நேரமும் தொங்கிய வெள்ளைத் துணிகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், நல்ல பெண். அவை கட்டுத்துணிகள். சுதர்சினியின் காலுக்கு மருந்து கட்டிய துணிகள். பாமசியில் பைக்கற்றில் அடைத்து விற்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் நாள்பட்ட பருத்திச் சேலையைக் கிழித்து, அவித்து, காயவைத்துக் கட்டினால் காயத்துக்கு அது ஒரு சுகம். சண்டைக் காலத்தில் அப்படித்தான் கட்டினோம். பழகிய கை, விடுமா?

நீங்கள் தமிழில் வாக்குமூலம் எழுதுகிற ஆளாக வந்தது நல்லதாய்ப் போயிற்று, மஷூர் சேர். முதலில் வந்த இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். மீன்காரனோடு விலை பேசுகிற என் சிங்களத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? ஒரு திருத்தம் மட்டும். ‘வீட்டு வேலைக்கு நின்றவர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேர்ஸ் என்று மாற்றுங்கள். இராமலெட்சுமி, நேர்ஸ். அந்த ஒழுங்கையில் இருக்கிற சனமும் என்னை வேலைக்காரி என்றுதான் நினைத்தது. சுதர்சினி, நான் சுதா என்று கூப்பிடுகிறவள், அவள் மட்டும் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை.

என் தகப்பன் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அடித்துத் துரத்தியபோது பெண்டாட்டி பிள்ளைகளோடு வன்னிக்கு ஓடியவர். நான் அங்கே வளர்ந்தவள். சண்டை இறுகி, ஆஸ்பத்திரிக்கு ஆள் காணாமல் போனபோது, எங்களைப் போன்ற பெண்களைக் கூப்பிட்டுக் கொஞ்சநாள் பழக்கி வேலைக்கு விட்டார்கள். சுதா படித்த நேர்ஸ், அரசாங்க உத்தியோகம். ஆனால் கடைசி மாதங்களில் படித்தவள், பழகியவள் என்ற வித்தியாசமெல்லாம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி என்று நாங்கள் சொன்னது ஒரு பள்ளிக்கூடம். மேசைகளைச் சேர்த்துப் போட்டால் அதுதான் கட்டில். அதில் கிடந்த எல்லோருக்கும் நாங்கள் இரண்டு பேரும் மிஸ்ஸிதான்.

அங்கே நாங்கள் வேலை செய்த முறையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் உங்களுக்கு விளங்கும்.

ஷெல் துண்டு பட்ட காயத்தை உடனே தைக்கக் கூடாது. உள்ளே மண்ணும் துணியும் போயிருக்கும். மேலே தோல் மூடினால் அடியில் அழுகும். அதைத் திறந்தே வைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை அடைத்து, தினமும் மாற்றி, அடியிலிருந்து சிவப்புச் சதை எழும்பி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு ஓரத்தில் தோல் வந்தால் சுரண்டிவிட வேண்டும். அந்தச் சுரண்டல் என் வேலை. எனக்குக் கை நடுங்காது.

வலிக்குப் போடுகிற ஊசி முடிந்த பிறகு சுரண்டுவது லேசான காரியம் இல்லை. அதனால் எப்போதும் இரண்டு பேராகப் போனோம். ஒருத்தி மருந்து கட்டுவாள். மற்றவள் தலைமாட்டில் இருந்து, காயக்காரனின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கதைப்பாள். கதைக்கிறவளுக்கு ஒரு கட்டாயம் இருந்தது. அவள் காயத்தைப் பார்க்கவே கூடாது. பார்த்தால் அவள் முகம் மாறும், முகம் மாறினால் அதில் தன் காயம் எப்படி இருக்கிறதென்று அவன் கண்டுகொள்வான். கை நான், வாய் சுதா. எங்களுக்குள் ஒருநாளும் அது மாறவில்லை.

அவளுடைய வாயை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் சேர். அவளுக்கு இருப்பது ஒரே மகன், சுமன். அவனை முன்னமே கொழும்பில் மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். ஆனால் மேசையில் கிடந்த ஒவ்வொரு பெடியனுக்கும் அவள் இல்லாத ஒரு மகளைக் கட்டிக்கொடுத்தாள். “தம்பி, நீ இன்னும் முடிக்கேல்லத்தானே? என்ர மூத்தவள் இருக்கிறாள், ஆள் நல்ல நிறம், ஆனா சோறு வைக்கத் தெரியாது. குழைச்சுப்போடுவாள். உனக்குக் குழைஞ்ச சோறு சரிவருமோ?” என்பாள். வலியில் பல்லைக் கடித்துக் கிடந்தவன்கூடச் சிரிப்பான். அந்த நேரத்துக்குள் நான் என் வேலையை முடித்துவிடுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூட மதிலோடு ஷெல் விழுந்தது. நான் ஒருவனின் காலடியில் குந்தியிருந்து கட்டிக்கொண்டிருந்தேன். ஓடு எல்லாம் சரிந்தது. மேசைக்கு அடியால் பார்த்தேன். சுதாவின் பாவாடை நனைந்திருந்தது, சிறுநீர் கணுக்கால்வரை வழிந்தது. இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மேலே அவள் குரல் கொஞ்சமும் மாறவில்லை. இளையவளுக்கு நாயென்றால் பயம் என்று ஏதோ பகிடி சொல்லி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்தான். அவன் அன்று பின்னேரமே செத்துப்போனான், ஆனால் சிரித்துவிட்டுத்தான் போனான். அவளை நினைத்து எனக்கு அன்று வந்த பெருமை இன்றும் போகவில்லை.

நான் சொல்லப்போவதை நீங்கள் தப்பாக எடுக்கக் கூடாது. சண்டை முடிந்து எங்களை வெளியே கொண்டுவந்த அன்று, உயிர் தப்பிவிட்டோமே என்று எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். இனிமேல் எங்களுக்கு மருந்து கட்டுகிற நேரம் என்று ஒன்று இல்லையே என்றுதான் அழுதேன்.

முகாமிலிருந்து விட்ட பிறகு சுதா திரும்பவும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். எனக்குத் திரும்பிப் போக இடம் இல்லை. அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரையும் நான் சண்டை முடிந்த அந்தக் கடற்கரையிலேயே பறிகொடுத்துவிட்டு வந்தவள். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்தேன். வத்தளை, கல்கிசை என்று வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடந்த கிழவர் கிழவிகளைப் பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். ஆள் கண்ணை மூடும்வரை ‘அக்கா இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம்’ என்பார்கள். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் என் பையை எடுத்து வாசலில் வைத்துவிடுவார்கள். நான் பஸ் ஏறி அறைக்கு வருவேன். அந்த அறையில் வாய் திறந்து ஒரு சொல் சொல்லாமலே கிழமைக்கணக்கில் இருந்திருக்கிறேன். ஒருமுறை கீழ்வீட்டு மனிதர் ஏதோ கேட்டார், பதில் சொல்லப் போனால் எனக்குக் குரல் வரவில்லை. கனைத்துக் கனைத்துத்தான் வரவைத்தேன். அவர் பயந்துபோனார்.

சுதா பென்சன் எடுத்த பிறகு, கனடாவில் இருந்த சுமன் அவளுக்காக வெள்ளவத்தை வீட்டை எடுத்தான். விசா சரிவரும்வரை இங்கே இருக்கட்டும் என்றான். “அன்ரி, நீங்கள் அம்மாவோட இருந்தால்தான் எனக்கு நிம்மதி” என்று என்னை அவன்தான் கூப்பிட்டான். நான் போய் அவன் காலில் விழவில்லை.

அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். காலையில் அவள் பேப்பர் வாசித்துக் காட்டுவாள், நான் மரக்கறி வெட்டுவேன். பின்னேரம் கடற்கரையில் நடப்போம். எதிரில் வருகிறவர்களை எல்லாம் அவள் ஏதாவது சொல்வாள், எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. என் தோட்டத்துத் தமிழைப் பழித்துக்காட்டுவாள். நான் கோபித்தால் “சும்மா சொன்னனானடி, உன்ர கதையக் கேட்டால்தான் எனக்கு மனம் நிறையும்” என்பாள். அப்படி என்னோடு கதைக்க உலகத்தில் வேறு யாரும் இருக்கவில்லை.

விசா கிடைத்ததும், போகமுன் நேர்த்திக்கடன் ஒன்று இருக்கிறதென்று கொட்டாஞ்சேனைக் கோயில் தேருக்குப் போனாள். வெறுங்காலோடு வெயிலில் தேருக்குப் பின்னால் நடந்தாள். அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அது நாள்பட்டால் பாதத்தில் உணர்ச்சி இருக்காது. தார் றோட்டு சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நான்தான் கண்டேன், வலது குதிக்காலில் ஐந்து ரூபாய்க் குற்றியளவு கொப்புளம். உடைந்து புண்ணாகிவிட்டது. உடனே கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் டொக்டர் ஹபீலா என்று ஒரு இளம்பிள்ளை. என் கட்டைப் பார்த்துவிட்டு, “மிஸ்ஸி கட்டுற கட்டு வடிவா இருக்கு. இப்பிடியே போனா பிளேன் ஏற முந்தி மூடிரும்” என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் தினமும் காலையில் மருந்து கட்டினேன். முதல் நாளே சுதா ஒன்றும் சொல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். “சரி, கை தன்ர வேலையச் செய்யட்டும், வாய் தன்ர வேலையச் செய்யும்” என்று சிரித்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினாள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு எங்களுக்கு மருந்து கட்டுகிற நேரம் திரும்பி வந்தது.

அவளும் நேர்ஸ்தானே, தன் காலைத் தான் பார்க்கமாட்டாளா என்று கேட்டீர்கள். குதிக்காலின் அடியைக் கண்ணாடி இல்லாமல் பார்க்க முடியாது, சேர். கைக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் சொன்னார்கள்தான். அவள் சிரித்தாள். “லெட்சுமி பாக்கிறாள், பிறகு நான் ஏன்?” என்றாள். கை சொல்வதை வாய் நம்பவேண்டும். அப்படி நம்பித்தான் நாங்கள் அத்தனை பேருக்குக் கட்டினோம்.

ஒரு காலை கட்டை அவிழ்த்தபோது காயத்தைச் சுற்றி மெல்லிய தோல் வந்திருந்தது. வடிவான தோல். இன்னும் ஒரு கிழமையில் மூடிவிடும். அதற்கு முந்தின நாள்தான் சுமன் போன் எடுத்து ரிக்கற் போட்டாயிற்று என்று சொல்லியிருந்தான். என்னோடும் கதைத்தான். “அன்ரி, அம்மாவ ஏத்திவிட்டிட்டு வீட்டை மாசக் கடைசியோட குடுத்திடுங்கோ. உங்களுக்கும் எங்கயாவது ஒரு நல்ல இடமாப் பாப்பம்” என்றான். குறையாக ஒன்றும் சொல்லவில்லை, மரியாதையான பிள்ளை. எங்கயாவது என்றான், அவ்வளவுதான்.

நான் அந்தத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மூடுகிறது, அடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். பிளேனில் போய் அங்கே பழுத்தால் யார் பார்ப்பது? சுமனின் பெண்சாதி வங்கியில் வேலை செய்கிறவள், சீழைக் கண்டால் மயங்கி விழுவாள். தோலை வரவிட்டது என் பிழை என்றே எனக்குப் பட்டது. கரண்டி விளிம்பால் சுரண்டினேன். சுதா அவள் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சநேரம் கழித்து, “எடி, என்ர குதிக்காலில வயல் உழுறியோ? எவ்வளவு நேரமடி” என்றாள்.

“பேசாம கெட சுதா, ஆட்டுனா கட்டு நிக்காது” என்றேன்.

ரிக்கற்றைத் தள்ளிப்போட்டார்கள். சுமனே சொன்னான், காயம் ஆறட்டும், அவசரமில்லை என்று. அன்று மத்தியானம் நான் பாரை மீன் வாங்கிப் பொரித்தேன். எனக்கு அப்படிப் பசித்தது.

பிறகு திரும்பவும் தோல் வந்தது, திரும்பவும் எடுத்தேன். நான் அதைப் பழுக்க வைக்கவில்லை சேர், அது நியாயமில்லை. மூடவிடவில்லை, அவ்வளவுதான். பிறகு அது தானாகவே ஆழமாகப் போகத் தொடங்கிற்று. கிளினிக்கில் ஹபீலா டொக்டர் முகத்தைச் சுளித்து, ஏன் இப்படிப் போகிறது, வார்ட்டில் வைத்துப் பார்ப்போம் என்றாள். வார்ட்டில் வைத்தால் யார் யாரோ கட்டுவார்கள். அதனால் அடுத்த முறை கிளினிக்குக்கு ரெலிபோன் எடுத்து, சுதர்சினி கனடாவுக்குப் போய்விட்டா என்று சொன்னேன். அந்தப் பிள்ளை சந்தோஷப்பட்டாள். சுதாவிடம், டொக்டர் வீட்டிலேயே கட்டச் சொல்லிவிட்டா என்றேன். சுமனிடமும் அதையே சொன்னேன். அவன் எனக்குத்தான் நன்றி சொன்னான்.

அவளுடைய போனை நான் வைத்துக்கொண்டேன். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, ஆள் ஓய்வெடுக்க வேண்டாமா? சுமன் எடுக்கிற நேரத்தில் அவள் அநேகமாக நித்திரையில் இருப்பாள். நித்திரைக்கு நான்தான் குளிசை கொடுத்தேன், மறைக்கவில்லை. வாரத்தில் ஒருநாள் அவளை நிமிர்த்தி இருத்தி, தலை வாரி இழுத்து, வீடியோவில் கதைக்க விட்டேன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். சந்தைக்குப் போகும்போது வெளியால் பூட்டிக்கொண்டு போனேன். எழும்பி நடக்கப் பார்த்து விழுந்தால் யார் பொறுப்பு? கண்ணுக்குள் வைத்துத்தான் பார்த்தேன். படுக்கைப் புண் ஒன்றுகூட அவள் உடம்பில் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

மணம் வந்தது உண்மை. சாம்பிராணி போட்டேன். ஒருநாள் பைறோஸா படியில் மறித்து, “லெட்சுமியக்கா, சுதாக்காட கால் இன்னும் சுகமாகல்லயா? ஒங்கட வாசல்ல வரக்கொள்ள ஒரு வாசம் அடிக்கிது” என்று கேட்டாள். கருவாடு காயப்போட்டிருக்கிறேன் என்றேன். நம்பினாளோ என்னவோ, போய்விட்டாள்.

ஒரு காலை உப்புத் தண்ணீரால் கழுவியபோது அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. எலும்பு. எனக்கு அது புதிதில்லை, எத்தனையோ பார்த்தவள். துணியை அடைத்துக் கட்டிவிட்டுத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவள் “எப்பிடி இருக்கு?” என்று கேட்டாள். எலும்பு தெரிகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வோமோ அதைத்தான் சொன்னேன். நல்ல சிவப்பாக வருகிறது என்றேன்.

இனிச் சொல்லப்போவது எனக்கு ஆகவும் பிடித்த காலம். சித்திரை வருசத்துக்கு வீட்டைக் கழுவித் துடைத்தபோது அவளுடைய கட்டிலையும் இழுத்துத் திருப்பிப் போட்டேன். அலுமாரிப் பக்கம் முகம் இருக்கிற மாதிரி. யன்னல் காற்று நேரே படட்டும் என்றுதான். அதுவரை அவள் சோர்ந்துபோய், மருந்து கட்டும்போதுகூட நாலு சொல்லோடு நிறுத்திவிடுகிறவளாக இருந்தாள். அதற்குப் பிறகு எங்கிருந்துதான் அந்தக் கதையெல்லாம் வந்ததோ. நான் கட்டை அவிழ்க்கமுன்னே தொடங்கிவிடுவாள். பழைய மகள்மார் எல்லோரும் திரும்பி வந்தார்கள். மூத்தவளுக்கு நாற்பது தாண்டிவிட்டதாம், இன்னும் சோறு குழைகிறதாம். இளையவள் நாய் டொக்டரையே கலியாணம் செய்துவிட்டாளாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் துடைத்துக்கொண்டு கட்டினேன். கட்டி முடிந்த பிறகும் நிறுத்தமாட்டாள். நான் குசினிக்குப் போனால் அங்கேயும் கேட்கிற மாதிரி உரத்துச் சொல்வாள். என் கையால் எதைக் கொடுத்தாலும் “உன்ர கை ராசி லெட்சுமி” என்று சொல்லிச் சாப்பிட்டாள். கனடாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. விசாவைப் பற்றியும் இல்லை. அவளும் போக விரும்பவில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஒருநாள் காலை அவள் தலையைத் தடவி, இப்படியே இருந்துவிடுவோம் என்றேன். “வேற என்ன வேணும் எங்களுக்கு” என்றாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பைறோஸா ஒரு கோப்பையில் சோறும் இறைச்சியும் கொண்டுவந்தாள். பெருநாள் சாப்பாட்டை வாசலில் நின்று வாங்க மனம் கேட்கவில்லை, உள்ளே வரவிட்டேன். வந்த கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதைக் கழுவி, இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் சீனியும் வைக்கக் குசினிக்குப் போனேன். உள்ளே சுதா அவளோடு சிங்களத்தில் கதைத்தது கேட்டது. அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள், நல்ல சிங்களம். வேகமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பைறோஸா சிரிக்கவில்லை. பகிடி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். நான் வாழைப்பழத்தோடு வந்தபோது பைறோஸாவின் முகம் வெளிறிப்போயிருந்தது. முந்தின நாள் நோன்பு பிடித்த களைப்பு என்றும் நினைத்தேன். கோப்பையை வாங்காமலே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய புருசனும், பிறகு அம்புலன்ஸும், பிறகு உங்கள் ஆட்களும் வந்தார்கள்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது சுதா என்னைப் பார்க்கவில்லை. அது எங்கள் வழக்கம் என்று வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டதாகச் சொன்னீர்கள். உயிருக்கு ஆபத்து இல்லை என்றும் சொன்னீர்கள். நல்லது. சுமன் இன்றைக்கோ நாளைக்கோ வந்து இறங்குவான், அவளைக் கூட்டிக்கொண்டு போவான். இனி நான் சுற்றி வளைக்கவில்லை. டொக்டர் எழுதியது சரி. அது சீனி வருத்தத்தால் வந்தது இல்லை. ஆறப் பார்த்த காயத்தை நான்தான் ஆறவிடவில்லை. ஒருதரம் இல்லை, ஒவ்வொரு முறையும். தெரிந்துதான் செய்தேன். முதல் நாள் மட்டும் எனக்கு நானே ஒரு காரணம் சொன்னேன். அடுத்த நாளிலிருந்து அதுவும் தேவைப்படவில்லை. அவள் போனால் எனக்குக் கொட்டாஞ்சேனை அறைதான். அந்த அறைக்குத் திரும்பிப் போக எனக்கு ஏலாமல் இருந்தது. காலா, நானா என்று வந்தது. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

ஆனால் ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதாக நீங்கள் வாசித்துக் காட்டினீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. கட்டிலைத் திருப்பிப் போட்ட அன்று அலுமாரிக் கண்ணாடியில் என் கையையும் கரண்டியையும் தன் எலும்பையும் கண்டுவிட்டாளாம். தான் கண்டது எனக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவேன் என்று பயந்தாளாம். அன்றிலிருந்து பயத்தில்தான் கதைத்துக்கொண்டே இருந்தாளாம், கதையை நிறுத்தினால் நான் முகத்தைப் பார்த்துவிடுவேன் என்று. பாவம், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறாள். அந்த நாட்களில் அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்கவில்லை சேர், நான் கேட்டேன். பயந்துபோன ஒருத்தியால் அப்படி வயிறு குலுங்கச் சிரிக்க முடியாது.